போக்கிமான் 151 மாஸ்டர் செட்: 360 கார்டும் 15 தாளுக்குள்

2023 செப்டம்பரில் ஆங்கிலத்தில் வந்த போக்கிமான் 151 கார்டுத் தொகுப்பை மாஸ்டர் செட்டாக, அதாவது எல்லாக் கார்டும் அவற்றின் ரிவர்ஸும் விடாமல், சேர்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கவலைப்படுவது விலையுள்ள சாரிஸார்டு கார்டை நினைத்துத்தான். ஆனால் பாதி வழியில் ஆளை உட்கார வைப்பது ரிவர்ஸ் ஹோலோ, அதாவது அதே கார்டு சித்திரத்தைச் சுற்றி மினுங்கும்படி அச்சான பதிப்பு.

கணக்கு இதுதான். 1 முதல் 165 வரை அடிப்படைத் தொகுப்பு: 151 போக்கிமான், 14 டிரெய்னர் (ஆட்டத்தில் உதவும் கார்டு). 166 முதல் 207 வரை 42 சீக்ரெட் கார்டுகள் (அடிப்படை எண்ணிக்கைக்கு மேல் வரும் அரிய கார்டுகள்). அடிப்படைத் தொகுப்பில் 12 இஎக்ஸ் (வலிமை கூடிய போக்கிமான்) கார்டுகள் போக மீதி 153-க்கும் ரிவர்ஸ் ஹோலோ உண்டு. மொத்தம் 360. ஒரு பேக்கில் (கடையில் விற்கும் மூடிய கார்டுப் பொட்டலம்) எனர்ஜி கார்டு போக 10 கார்டு. அதில் ரிவர்ஸுக்கு இரண்டே இடம். அந்த இரண்டில் ஒன்றையும் அவ்வப்போது இல்லஸ்ட்ரேஷன் ரேர் என்ற அரிய சித்திரக் கார்டு பிடித்துக்கொள்ளும். ஒரு கார்டுகூட இரண்டாம் முறை வராவிட்டாலும் 77 பேக் பிரிக்க வேண்டும். வராமல் இருக்குமா என்ன!

அதனால் 9 பேக் உள்ள எலைட் டிரெய்னர் பாக்ஸ் இரண்டு வாங்கிப் பிரியுங்கள், அதோடு நிறுத்துங்கள். மீதியை மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளலாம், சிங்கிள்ஸாக (தனித்தனிக் கார்டாக) வாங்கலாம். காமன், அன்காமன் (எளிதில் கிடைக்கும் வகை) ரிவர்ஸ்களை மொத்தமாக ஒரே ஆளிடம் வாங்கினால் தபால் செலவு மிச்சம். வாங்கும்முன் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள்: ரேர் கார்டில் சித்திரம் மினுங்கும், ரிவர்ஸில் சித்திரத்தைச் சுற்றியுள்ள பகுதி மினுங்கும். இரண்டையும் குழப்பி அனுப்புகிறவர்கள் நிறைய.

ஆங்கிலத்தில் இந்தத் தொகுப்புக்கு 36 பேக் பூஸ்டர் பாக்ஸ் வெளியாகவே இல்லை. அப்படி ஒன்று விலைக்கு வந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பதிப்பில் 20 பேக் பாக்ஸ் உண்டு, ஆனால் கார்டின் பின்பக்கமே வேறு, கலக்க வேண்டாம். விலையுள்ள சிங்கிளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். 199-ஆம் எண் சாரிஸார்டு போன்ற ஸ்பெஷல் இல்லஸ்ட்ரேஷன் ரேரில் மெல்லிய வரிவரியான சொரசொரப்பு இருக்கும். வழவழவென்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுக்குவதற்கு 9 பாக்கெட் பைண்டர் இங்கே சரிப்படாது. சாதா கார்டையும் அதன் ரிவர்ஸையும் ஜோடியாக வைத்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஜோடி உடையும். வரிசைக்கு நான்காக 12 பாக்கெட் உள்ள தாள் வாங்குங்கள். இஎக்ஸ் கார்டுக்கு ரிவர்ஸ் இல்லாததால் பக்கத்து இடம் காலியாகும். அங்கே அதே போக்கிமானின் ஃபுல் ஆர்ட் கார்டை (சித்திரம் கார்டு முழுக்கப் பரவியது) வையுங்கள். 182 முதல் 193 வரை அந்தப் பன்னிரண்டும் இருக்கின்றன. இப்படி 27 பக்கம் நிரம்பி, 28-இல் பாதி தீரும். மிச்சமுள்ள 6 பாக்கெட்டில் 166 முதல் 171 வரை, அதாவது பல்பசார், சார்மாண்டர், ஸ்குவிர்டில் குடும்பங்கள் கச்சிதமாக உட்காரும். மீதி 24 கார்டு அடுத்த இரண்டு பக்கங்களில். மொத்தம் 30 பக்கம், 15 தாள், ஒரு பாக்கெட்கூட வீணில்லை.

கார்டின் அளவு 63 x 88 மி.மீ. பைண்டருக்கு ஒரு மெல்லிய ஸ்லீவ் (கார்டு உறை) போதும்; இரட்டை ஸ்லீவ் போட்டால் பாக்கெட்டின் தையல் விரியும். பிவிசி தாள் வேண்டாம், நாளடைவில் கார்டோடு ஒட்டிக்கொள்ளும்; பாலிப்ரொப்பிலீன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டில் செருகும் பாக்கெட் என்றால் பைண்டரைக் கவிழ்த்தாலும் கார்டு நழுவாது.

ஹோலோ கார்டு வளைவதற்குக் காரணம் ஈரம். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, முன்பக்கத்து ஃபாயில் விரிவதில்லை; அதனால் மழைக்காலத்தில் கார்டு முன்பக்கமாகக் குழியும். ஏசி அறையில் காய்ந்தால் பின்பக்கமாக வளையும். வளைந்ததை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் ஃபாயில் போய்விடும். ஈரத்தால் முன்பக்கமாகக் குழிந்த கார்டை ஸ்லீவோடு இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் சில நாள் விடுங்கள். நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்: நிமிர்ந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் வளைய ஆரம்பிக்கும்.