ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பிள்ளை என்ன படிக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி

பள்ளி விட்டு வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளை "ஒண்ணும் படிக்கல" என்றுதான் சொல்லும். அது பொய் சொல்லவில்லை. கை தட்டிப் பாடியது, புளியங்கொட்டையை எண்ணியது, டீச்சர் விரலில் பொம்மை மாட்டிக்கொண்டு கதை சொன்னது எதுவும் அதன் பார்வையில் படிப்பே இல்லை. நம் பார்வையிலும் இல்லை, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நோட்டைத் திறக்கிறோம், நாலு வரிகூட இல்லை, உடனே "என்னதான் சொல்லித் தர்றாங்க?" என்று கோபம் வருகிறது, அப்புறம் சாயங்காலம் முழுக்க வீட்டில் இன்னொரு பள்ளிக்கூடம் நடக்கிறது. மூத்தவளுக்கு நான் இதைத்தான் செய்தேன், இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னவளுக்கு அப்படிச் செய்யவில்லை. வகுப்பில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிற பெற்றோருக்காக அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் புத்தகம். 2018-19இல் ஒன்றாம் வகுப்புக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் புத்தகம் மூன்று பருவமாக வருகிறது, ஒவ்வொரு பருவத்திலும் தமிழும் ஆங்கிலமும் ஒரு தொகுதி, கணக்கும் சூழ்நிலையியலும் இன்னொரு தொகுதி. பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பருவம் தொடங்கும்போதே ஒரு முறை முழுக்கப் புரட்டிவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பாடம் நடத்துவதற்காக அல்ல. "இப்போ பறவைங்க பாட்டு வந்துடுச்சா?" என்று கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் கேட்டால் பிள்ளை பாடிக் காட்டும், ஆடிக் காட்டும், பக்கத்தில் உட்காருகிறவன் தப்பாகப் பாடியதையும் சேர்த்துச் சொல்லும்.

அடுத்தது "எண்ணும் எழுத்தும்" என்ற அரசுத் திட்டம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மறுபடி திறந்தன. எழுத்தே தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்ற பிள்ளைகள் ஏராளம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2022 ஜூனில் இந்தத் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டே நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். இதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டு. பிள்ளைக்கு எது தெரியும் என்று பார்த்து நிலையைச் சொல்வார்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அரும்பில் உட்கார்ந்து படிக்கலாம். இதைக் கேட்டதும் நிறைய வீடுகளில் "உன் வயசுப் பிள்ளையெல்லாம் மலர்ல இருக்கு, நீ இன்னும் அரும்பா?" என்று தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். அரும்பு மதிப்பெண் கிடையாது, எங்கிருந்து சொல்லித் தர வேண்டும் என்று ஆசிரியர் வைத்துக்கொண்ட அடையாளம். தெரியாத இடத்திலிருந்தே தொடங்கும் வாய்ப்பு முன்பு எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது.

தமிழுக்கு வருவோம், வீட்டில் அதிகம் குழப்புவது இங்கேதான். 247 எழுத்து என்று சொல்லிச் சொல்லியே பயமுறுத்திவிடுகிறோம். பிள்ளை 247 வடிவத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அதோடு கால், கொம்பு மாதிரி சில குறிகள், இவை தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. அதிகம் தொல்லை தருவது உ, ஊ வரிசை. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகிறது. அதனால் க, கா, கி, கீ என்று கௌ வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சொல்லாமல், கா, மா, பா, தா என்று ஒரே குறியைப் பல எழுத்துகளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உகர வரிசைக்கு மட்டும் கூடுதலாகச் சில வாரம் கொடுங்கள். எழுத்துகள் அ, ஆ வரிசையில் வரவில்லையே என்று பதற வேண்டாம். பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே செய்து படிக்கிற செயல்வழிக் கற்றல் முறை இருந்த காலத்தில் ட, ப மாதிரி கோடாக எழுதக்கூடிய எழுத்துகளில் தொடங்கி, சீக்கிரமே "படம்" என்று ஒரு சொல்லைப் படிக்க வைத்துவிடுவார்கள். படிக்க முடிகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிட்டால் அப்புறம் அதை நாம் தள்ள வேண்டியதில்லை.

ஒற்றைக் கொம்பு இன்னொரு இடம். "கெ" என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது க. "கொ" இன்னும் மோசம், குறி எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. பிள்ளை "பொம்மை"யைப் "பெரம்மை" என்று படித்தால் திட்டாதீர்கள், அது துணைக்காலை ர என்று எடுத்துக்கொண்டது, பார்த்ததைத்தான் சொல்கிறது. கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி, சேர்த்தும் பிரித்தும் காட்டுங்கள். எங்கள் வீட்டில் காலண்டர் அட்டையை வெட்டிச் செய்தோம், சின்னவள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள்.

ஒலியிலும் ஒன்று உண்டு. கல், பகல், பங்கு மூன்றிலும் க ஒன்றேதான், ஆனால் மூன்று இடத்திலும் வேறு வேறாக ஒலிக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மூன்றையும் "கல்" மாதிரியே படிக்கும். திருத்திக்கொண்டே இருக்காமல் சொல்லை நீங்கள் ஒரு முறை இயல்பாகச் சொல்லிவிட்டால் போதும், தெரிந்த சொல் என்றால் அதன் காதே சரிசெய்துகொள்ளும். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண, சின்ன ர, பெரிய ற குழப்பத்தையும் எடுத்த எடுப்பிலேயே தீர்க்க முயல வேண்டாம். நிறையப் படிக்கப் படிக்க அது குறையும். தாத்தா பாட்டி சொல்லித் தருகிற வீடாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: லை, னை, ணா, றா போன்றவற்றின் பழைய வடிவங்களை 1978இல் தமிழ்நாடு அரசு மாற்றிவிட்டது. அவர்கள் கை பழக்கத்தில் தும்பிக்கை போட்ட "லை" எழுதிக் காட்டினால் பிள்ளை திகைத்துப்போகும். அந்தக் காலத்தில் இப்படி எழுதினார்கள் என்று சொல்லிவிட்டால் அதற்கு அது ஒரு சுவாரசியம்.

கணக்கில் வாய்ப்பாட்டுக்கு ஓடாதீர்கள். வகுப்பில் முதலில் பொருள், அப்புறம் படம், கடைசியில்தான் எண் என்று போகிறார்கள், வீட்டிலும் அப்படியே போங்கள். பிள்ளை 1 முதல் 100 வரை கடகடவென்று சொல்கிறது என்பதற்காக 23 என்றால் எவ்வளவு என்று அதற்குத் தெரியும் என்று ஆகாது. இருபத்து மூன்றை எழுதச் சொல்லிப் பாருங்கள், 203 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு, இருபதையும் மூன்றையும் கேட்டபடியே அடுக்கிவிடுகிறார்கள். விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சின்னச் சின்னதாக ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். இரண்டு கட்டு, மூன்று உதிரி. பத்துகள், ஒன்றுகள் என்று வகுப்பில் சொல்வது இதைத்தான்.

இதே கட்டு கழித்தலிலும் கை கொடுக்கும். 42இல் 17 கழிக்கச் சொன்னால் 35 என்று விடை எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். கவனக்குறைவு இல்லை, "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்து 7இல் 2, 4இல் 1 என்று கழித்திருக்கிறது. நாம் படித்த "கடன் வாங்கு" என்ற சொல் பிள்ளைக்கு ஒன்றையும் விளக்குவதில்லை. நாலு கட்டு, இரண்டு குச்சி. ஏழு குச்சி கொடுக்க முடியவில்லை. சரி, ஒரு கட்டைப் பிரி. இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு குச்சி. ஏழைக் கொடு, ஒரு கட்டையும் கொடு, மிச்சம் 25. இதை நாலைந்து முறை கையால் செய்த பிறகு நோட்டில் எழுதினால், மேலே போடுகிற சின்ன எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

எண் பெயரில் 90 பக்கம் பிள்ளைகள் தடுக்கி விழுவதற்கும் காரணம் உண்டு. எழுபது, எண்பது என்று வந்த வரிசையில் அடுத்தது ஒன்பது என்றுதான் வர வேண்டும், ஆனால் அந்தப் பெயர் 9க்குப் போய்விட்டது. 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். இதை ஒரு கதை மாதிரிச் சொல்லுங்கள், மறக்காது. ஞாயிற்றுக்கிழமை பல்லாங்குழி ஆடுங்கள். 14 குழி, குழிக்கு 5 சோழி, மொத்தம் எத்தனை என்று ஆட்டத்துக்கு முன்னால் எண்ணச் சொல்லுங்கள். சின்னவள் முதலில் ஒவ்வொன்றாக எண்ணினாள், கொஞ்ச நாளில் ஐந்து ஐந்தாக எண்ணத் தொடங்கிவிட்டாள், ஐந்தாம் வாய்ப்பாடு அப்படித்தான் வந்தது.

சூழ்நிலையியலுக்கும் ஆங்கிலத்துக்கும் அதிகம் மெனக்கெட வேண்டாம். இலை பொறுக்கிவரச் சொன்னால் கூடப் போங்கள், ஆங்கிலப் பாட்டு என்றால் கூடப் பாடுங்கள். மூன்றாம் வகுப்பில்தான் அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாகப் பிரிகின்றன.

டீச்சரைப் பார்க்கப் போகும்போது "எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டால் "நல்லா படிக்கிறா" என்ற பதிலோடு திரும்பி வருவோம். இப்போது எந்த நிலையில் இருக்கிறாள், அடுத்த நிலைக்குப் போக எது வரவில்லை, பாடம் நடக்கும்போதே அவ்வப்போது வைக்கிற வளரறி மதிப்பீட்டில் எந்தக் கேள்வியில் தடுமாறினாள் என்று கேளுங்கள். வீட்டில் எதைச் சொல்லித் தராமல் இருப்பது நல்லது என்றும் கேளுங்கள், எனக்கு அதிகம் உதவியது இந்தக் கேள்விதான். பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கிற ஆசிரியருக்கும் குறிப்பாகக் கேட்டால் பதில் சொல்வது எளிது. வகுப்பில் ஆசிரியர் குறைவு, இடம் போதவில்லை போன்றவற்றை வாசலில் நின்று புலம்பாமல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள், பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை.

வீட்டில் ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். இரண்டாம் வகுப்பு முடியும் நேரத்திலும் இரண்டெழுத்தைச் சேர்த்துப் படிக்க முடியவில்லை என்றால், இன்னொரு டியூஷன் தேடுவதற்கு முன்னால் பிள்ளையின் கண்ணையும் காதையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்.