புதிதாக ஒரு மொழி செய்வது எப்படி

புது மொழி செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சொற்பட்டியலில்தான் தொடங்குவார்கள். சறுக்குவதும் அங்கேதான். நூறு தமிழ்ச் சொல்லுக்கு நூறு புதுச் சொல் வைத்தால் அது தமிழேதான். பிள்ளைகள் பேசும் ‘க’ பாஷைக்கு ஒரு படி மேல், அவ்வளவே. பயன், ஒலி, இலக்கணம் மூன்றும் முடிந்த பிறகே சொல்லுக்கு வாருங்கள்.

எதற்காக இந்த மொழி என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 1887-இல் சாமென்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோ எவரும் சுலபமாகக் கற்பதற்காக வந்தது. அடிப்படை விதிகள் 16 மட்டுமே. ‘பாகுபலி’க்காக மதன் கார்க்கி அமைத்த கிளிக்கி திரையில் மிரட்ட வேண்டும்; நாக்கைச் சொடுக்கும் ஒலி அதற்குப் பொருந்தும். நண்பர்களோடு தினமும் அரட்டையடிக்க அதே ஒலியை வைத்தால் சீக்கிரமே கைவிட்டுவிடுவார்கள்.

ஒலியில் கஞ்சத்தனம் நல்லது. ப, த, க, ம, ந, ச, ல, ர, வ, ய என்று பத்து மெய், அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து உயிர், நெடில் வேண்டாம். மெய்யும் உயிரும் சேர்ந்தது ஓர் அசை, கடைசியில் ‘ன்’ வரலாம் என்று விதி வைத்தால் 100 அசைகள் கிடைக்கும். ஓரசைச் சொற்களை இலக்கணத்துக்கு ஒதுக்கிவிட்டாலும் ஈரசையில் 10,000 சொற்களுக்கு இடமிருக்கிறது.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. ‘தபி’ என்று எழுதினால் நம் வாய் நடு எழுத்தைத் தானாகவே மெலிதாக்கிவிடும். வல்லொலியும் மெல்லொலியும் உங்கள் மொழியில் வெவ்வேறு என்றால் சுலோகப் புத்தகங்களில் போடுவதுபோல ப, ப³ என்று எண் போட்டு எழுதுங்கள். வேறில்லை என்றால் தமிழ் வழக்கே போதும். முடிவு செய்யாமல் விட்டால் ஆளுக்கொரு உச்சரிப்பு வரும்.

இலக்கணத்தில் முதல் கேள்வி சொல்வரிசை. ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களுக்காக அமைத்த கிளிங்கான் மொழியில் மார்க் ஓக்ராண்ட் செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார். நாம் வினையை முதலில் வைப்போம். ‘ருமெ’ பார், ‘லெ’ இறந்தகாலம், ‘ந’ நான், ‘சிதொன்’ மரம். ‘ருமெ லெ ந சிதொன்’ என்றால் மரத்தைப் பார்த்தேன். முன்னால் ‘வ’ சேர்த்தால் பார்க்கவில்லை. வேகமாகப் பேசினால் ‘வருமெ’ என்று ஒட்டிக்கொள்ளும், சொல் எங்கே தொடங்குகிறதென்று தெரியாது. ஈரசைச் சொல்லின் முதல் அசையை அழுத்திச் சொன்னால் சரியாகும்.

தாய்மொழி பதுங்கி நுழையும் இடம் இதுதான். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் பசிக்கிறவர் எழுவாய் இல்லை. உங்கள் மொழியிலும் அப்படியா, அல்லது ‘நான் பசிக்கிறேன்’ என்பதா? ‘வருவேன் என்று சொன்னாள்’ என்பதில் அந்த ‘என்று’ வேண்டுமா? நாம், நாங்கள் பிரிவு? உயர்திணை, அஃறிணை? வைத்துக்கொள்வதில் தவறில்லை, யோசித்து வையுங்கள்.

இனி சொற்கள். மொழிகளை ஒப்பிட மொழியியலாளர் மோரிஸ் சுவதேஷ் தொகுத்த 100 அடிப்படைச் சொற்களின் பட்டியல் நல்ல தொடக்கம். ஆனால் ஒன்றுக்கு ஒன்று பொருத்தாதீர்கள். ‘கால்’ என்று நாம் சொல்வது தொடையிலிருந்து பாதம் வரை. உங்கள் மொழி அதை இரண்டாக வெட்டலாம். அண்ணனையும் தம்பியையும் ஒரே சொல்லில் அடக்கலாம்.

எல்லாவற்றுக்கும் புதுச் சொல் தேவையில்லை, ஒட்டுகள் போதும். எஸ்பெராண்டோவில் ‘சானா’ நலமான. எதிர்ப்பொருள் தரும் ‘மல்’ சேர்ந்தால் ‘மல்சானா’, நோயுற்ற. ஆளைக் குறிக்கும் ‘உல்’ சேர்ந்தால் ‘மல்சானுலோ’, நோயாளி. இடத்தைக் குறிக்கும் ‘எய்’யும் சேர்ந்தால் ‘மல்சானுலேயோ’, மருத்துவமனை. இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஒட்டுகள் இருந்தால் 150 வேர்ச்சொல்லை வைத்து நிறையப் பேசலாம்.

சோதிக்கக் கவிதையை எடுக்காதீர்கள். அதில் தெளிவின்மை அழகாகத் தெரிந்துவிடும். கடையில் பேரம் பேசுவதை எழுதுங்கள்: எண், கேள்வி, மறுப்பு, ‘இருந்தால்’ எல்லாம் அதில் வந்துவிடும். அதை இன்னொருவரிடம் விதிகளோடு கொடுத்துத் தமிழாக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் உடனே புதுச் சொல் போடாமல் முதலில் விதியைப் பாருங்கள். அகராதியில் சொல், பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம், சேர்த்த தேதி நான்கும் இருக்கட்டும். மாற்றிய சொல்லின் பழைய வடிவத்தை அழிக்க வேண்டாம், போன மாதம் எழுதியது உங்களுக்கே விளங்காமல் போகும்.