யி ஜிங் பார்க்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள் (எல்லாம் நான் செய்தவைதான்)

போன வாரம் ஒரு தம்பி நாணயம் போட்ட கையோடு படம் எடுத்து அனுப்பியிருந்தார். "அண்ணே, 5 வந்திருக்கு. நல்லதா?"

"என்ன கேட்டுப் போட்டீங்க?"

பத்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "பொதுவாத்தான்ணே. வேலை, வீடு எல்லாம் சேத்து."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார். 2012இல் இதே 5ஆம் குறியை வைத்துக்கொண்டு இதே கூத்தை நானும் அடித்தேன். 22,000 சிங்கப்பூர் வெள்ளி போனது.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு: யி ஜிங் என்பது (ஆங்கிலப் புத்தகம் வழியாக வந்தவர்களுக்கு ஐ சிங்) சீனாவில் மேற்குச் சோ அரசர்கள் காலத்தில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் உருவாகத் தொடங்கிய குறிநூல். முழுக்கோடு ஒன்று, நடுவில் உடைந்த கோடு ஒன்று. இவற்றை ஆறு ஆறாக அடுக்கினால் 64 வடிவங்கள் வரும். வடிவத்துக்கு ஒரு வாசகம், அதிலுள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் தனியாக ஒரு வாசகம். மூன்று நாணயங்களை ஆறு முறை போட்டு ஒரு வடிவத்தைப் பெறுகிறோம். அந்த வடிவத்தை நான் 'குறி' என்றே சொல்வேன். அடையாளம் என்றும் பொருள்படும், குறி கேட்பது என்றும் பொருள்படும். தமிழில் நமக்கு அந்த வசதி இருக்கிறது.

நாணயத்துக்கு என் எதிர்காலம் தெரியும் என்று நான் நம்பவில்லை. என் புத்தி சுற்றிச் சுற்றி ஒரே தடத்தில் ஓடும்போது, நானாக யோசித்திருக்கவே மாட்டாத ஒரு படத்தை அது குறுக்கே கொண்டுவந்து போடுகிறது. சேறு, கிணறு, ஆற்றைக் கிட்டத்தட்டக் கடந்துவிட்ட நேரத்தில் வாலை நனைத்துக்கொண்ட நரிக்குட்டி. அந்தப் படத்தோடு என் பிரச்சினையை ஒட்டிப் பார்ப்பதுதான் வேலை.

கோடுகளை மேலிருந்து கீழாக அடுக்குவது மாதிரியான தவறுகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. கீழிருந்து மேலாகத்தான் அடுக்க வேண்டும். தலைகீழாக அடுக்கினால் 'காத்திருத்தல்' என்ற 5ஆம் குறி 'வழக்கு' என்ற 6ஆம் குறியாகிவிடும். இரண்டு முறை மாட்டினால் தானாகப் பழகிவிடும்.

கேள்வியை எழுதாமல் நாணயம் போடுவது

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த ஒரு சீனப் பெரியவர். எல்லாரும் அவரை அங்கிள் என்போம். முதல் நாளே சொன்னார்: கேள்வியைப் பேனாவால் எழுது, அப்புறம் நாணயத்தைத் தொடு. மனதுக்குள் இருக்கிற கேள்வியை எதற்குத் தாளில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

2012இல் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூட்டுச் சேர நண்பர் கூப்பிட்டார். சேமிப்பில் பெரும்பகுதியைப் போட வேண்டும், வேலையையும் விட வேண்டும். ஒரு ராத்திரி நாணயங்களை எடுத்தேன். 5ஆம் குறி வந்தது. கீழிருந்து மூன்றாவது கோடு மாறும் கோடு, அதாவது முழுக்கோடு உடைந்ததாகவோ உடைந்தது முழுதாகவோ மாறி இன்னொரு குறியைத் தரும் கோடு. அது மாறினால் 60ஆம் குறி.

5ஆம் குறியின் வாசகத்தில் "பெரிய ஆற்றைக் கடப்பது நன்மை" என்று வருகிறது. அதைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். மூன்றாவது கோட்டின் வாசகமோ இப்படி: "சேற்றில் காத்திருக்கிறான்; கொள்ளையரை வரவழைக்கிறான்."

இங்கேதான் என் சாமர்த்தியம் வேலை செய்தது. சேறு எது? என் அலுவலகம்! கொள்ளையர் யார்? ஆட்குறைப்பு! இந்தச் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தால் வேலை போய்விடும், கிளம்பு, ஆற்றைக் கடந்து போ என்று யி ஜிங்கே சொல்லிவிட்டது. மறுவாரம் கையெழுத்துப் போட்டேன்.

பதினான்கு மாதத்தில் கடை மூடிவிட்டது. சாமான்களை விற்ற பிறகும் 22,000 வெள்ளி போனது போனதுதான். ஆத்திரத்தோடு பழைய நோட்டைப் புரட்டினேன். தேதி இருந்தது. "5 → 60" என்று இருந்தது. கேள்வி இல்லை.

அங்கிளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "என்ன கேட்டாய்?" என்றார். கூட்டுச் சேரலாமா என்று கேட்டதாகச் சொன்னேன். "நிச்சயமாகவா?" என்றார். யோசித்துப் பார்த்தால் நிச்சயமில்லை. இந்த வேலையில் இன்னும் எத்தனை நாள் இருப்பது என்று கேட்டேனோ, வீட்டுக்காரிக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டேனோ. மூன்றும் அன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. விடை வந்த பிறகு, எந்தக் கேள்விக்கு வைத்தால் அது இனிக்குமோ அந்தக் கேள்வியை எடுத்து மாட்டியிருக்கிறேன்.

"நான் இந்தக் கடையில் பணம் போடுவது பற்றி என்ன பார்க்கத் தவறுகிறேன்?" என்று ஒரு வரி எழுதியிருந்தால், சேறு என்றால் அந்தக் கடைதான். வேறு எங்கேயும் அதைத் தள்ளிவிட வழியில்லை. கொள்ளையர் யார் என்று கணக்குப் புத்தகத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்திருப்பேன். 60ஆம் குறியின் பெயரே மூங்கில் கணு என்ற பொருளுள்ள சொல். அளவு, வரம்பு என்பதற்கும் அதுவே. எவ்வளவு போடுவது என்று ஒரு வரம்பாவது வைத்திருப்பேன். எல்லாம் கண்ணெதிரேதான் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

இந்தத் தவறு புதிதுமில்லை. ஸுவோ ஜுவான் என்ற பழைய சீன வரலாற்று நூலில், கி.மு. 530ஆம் ஆண்டுக் குறிப்பில் 'நான் குவாய்' என்ற பெயருள்ளவன் வருகிறான். லூ நாட்டில் ஒரு பெருங்குடும்பத்தின் கோட்டையை நிர்வகித்தவன். எசமானுக்கு எதிராகக் கலகம் செய்யத் திட்டமிட்டுக் குறி பார்க்கிறான், ஆனால் எதற்காக என்று சொல்லவில்லை. சும்மா, பொதுவாக. நம் தம்பி மாதிரி. வந்தது 2ஆம் குறியின் ஐந்தாவது கோடு: "மஞ்சள் கீழாடை, பெரும் மங்கலம்." ஆள் மகிழ்ந்துபோய் ஸீஃபூ ஹுய்போ என்ற பிரபுவிடம் காட்டி, "ஒரு காரியம் செய்ய நினைத்தால் எப்படி?" என்று கேட்கிறான். அப்போதும் என்ன காரியம் என்று வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னார்: விசுவாசமான காரியமென்றால் சரி, இல்லையென்றால் நிச்சயம் தோல்வி, ஆபத்தான காரியங்களுக்கு யி ஜிங் பார்ப்பதற்கில்லை. 'நான் குவாய்' கேட்கவில்லை. கலகம் தோற்று, பிறகு ச்சி நாட்டுக்கு ஓடிப்போனான்.

அவனுக்கும் முந்திய சீனாவின் ஷாங் அரசர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஆமை ஓட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் சூடு வைத்து விரிசல் பார்த்தார்கள். நாள் எது, கேட்டவர் யார், கேட்டது என்ன, அரசர் சொன்ன பலன் என்ன என்று அந்த எலும்பிலேயே பொறித்தார்கள். சிலவற்றில் பிற்பாடு நடந்ததையும் சேர்த்தார்கள். வூ டிங் அரசரின் மனைவி ஃபூ ஹாவ் பிரசவத்துக்குப் பார்த்த ஆமை ஓட்டில், 31 நாள் கழித்து ஜியாயின் நாளில் (பழைய சீன நாள்காட்டியில் ஒரு நாளின் பெயர்) பிரசவம் ஆனது, நல்லதாக இல்லை, பெண் குழந்தை என்று இருக்கிறது. (அந்தக் 'நல்லதாக இல்லை'யைப் பற்றி என் மகள் ஒரு மணி நேரம் பேசினாள்.) தாம் விரும்பாத முடிவையும் அழிக்காமல் வைத்தார்களே, அதுதான் எனக்கு வேண்டும்.

இப்போது என் நோட்டில் நாணயம் தொடுவதற்கு முன் மூன்று வரி இருக்கும். கேள்வி. என்ன விடை வந்தால் எனக்குச் சந்தோஷம். என்ன விடை வந்தால் நான் இந்தக் காரியத்தை நிறுத்துவேன். மூன்றாவது வரிக்கு ஒன்றும் தோன்றவில்லையென்றால் நோட்டை மூடிவிடுவேன். எது வந்தாலும் செய்யத்தான் போகிறேன் என்றால் நான் கேட்பது ஆசீர்வாதம். அதற்குக் கோயில் இருக்கிறது. போட்ட பிறகு மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி எழுதி, அன்றைக்குத் திறந்து நடந்ததைக் கீழே எழுதுகிறேன். பாதிக்கு மேல் வெட்கமாக இருக்கும்.

கேள்வி எழுதும்போது "போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று இரட்டையாக எழுதாதீர்கள். "பொறு" என்று விடை வந்தால் எதைப் பொறுப்பது?

'விடாமுயற்சி'யை நம்பி உட்கார்ந்துவிடுவது

ஆங்கிலத்தில் படிக்கிற நம் ஆட்கள் பெரும்பாலும் ரிச்சர்ட் வில்ஹெல்ம் 1924இல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பின் ஆங்கில வடிவத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். கேரி பெய்ன்ஸ் செய்தது, 1950இல் வந்தது. அருமையான புத்தகம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'விடாமுயற்சி நன்மை தரும்' என்ற பொருளில் ஒரு வரி வந்துகொண்டே இருக்கும்.

அங்கே இருக்கிற சீனச் சொல் 'ஜென்'. உறுதி, நேர்மை என்பது பிற்கால உரைகாரர்கள் வளர்த்த பொருள். ஷாங் எலும்புகளில் அதே சொல் கேள்விக்கு முன்னால் வருகிறது. குறி கேட்பது என்றுதான் அங்கே பொருள். ஆகவே பழைய வாசிப்பில் அந்த வரி 'இது சாதகமான குறி' என்ற அளவில் நிற்கும். யாரையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, தினமும் திட்டு வாங்கிய வேலையில் இந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வருஷம் கூடுதலாக இருந்தார். கைவசம் இரண்டு மொழிபெயர்ப்பாவது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் எந்தச் சொல்லின் மேலும் பெரிய முடிவை ஏற்றாதீர்கள்.

'குற்றமில்லை' என்று வருவதும் அப்படித்தான். பழி வராது என்றுதான் அர்த்தம். பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது

4ஆம் குறியே வாயால் சொல்கிறது: முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்டால் அவமதிப்பு, சொல்லமாட்டேன்.

இரண்டாவது குறியைக் கிளைமாக்ஸ் என்று நினைப்பது

மாறும் கோடுகள் மாறியதும் கிடைக்கிற இரண்டாவது குறிக்கு நேரே தாவி, "இதுதான் முடிவு" என்று சொல்கிறவர்கள் நிறைய. சினிமாவில் கடைசி ரீலை முதலில் பார்ப்பது மாதிரி. ஸுவோ ஜுவான் காலத்தில் கோடுகளுக்கு எண் சொல்லும் வழக்கம் வரவில்லை. 'இந்தக் குறியிலிருந்து அந்தக் குறி' என்று சொல்வது எந்தக் கோடு என்று காட்டும் வழியாக இருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சொல்லவந்த விஷயம் அந்தக் கோட்டில்தான்.

12ஆம் நூற்றாண்டில் சூ ஷி என்ற சீன அறிஞர் ஒரு முறை வகுத்தார். ஒரு கோடு மட்டும் மாறினால் அந்தக் கோட்டின் வாசகத்தைப் படி. இரண்டு மாறினால் இரண்டையும் படி, மேலே உள்ளதற்கு முக்கியத்துவம் கொடு. மூன்று மாறினால் இரண்டு குறிகளின் பொது வாசகங்களையும் படி. அதற்கு மேல் போனால்தான் இரண்டாவது குறி முன்னால் வருகிறது. எல்லாரும் இதை ஏற்பதில்லை. எனக்கு இது போதும். 2012இல் இதைப் பின்பற்றியிருந்தால் 'ஆற்றைக் கடப்பது' என் கண்ணிலேயே பட்டிருக்காது. சேறு மட்டும்தான்.

கோயில் குச்சியோடு குழப்பிக்கொள்வது

வாட்டர்லூ தெருவில் குவான்யின் கோயிலில் சீனர்கள் குப்பியைக் குலுக்கி ஒரு குச்சியை விழவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே கிருஷ்ணன் கோயில். அங்கேயும் அவர்கள் ஊதுபத்தி ஏற்றுவார்கள். குச்சி குலுக்குவது வேறு மரபு. குவான்யின் குச்சிகள் பொதுவாக 100, ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்யுள். பிறை வடிவக் கட்டைகள் இரண்டைப் போட்டு அந்தக் குச்சி சரிதானா என்று தெய்வத்திடம் உறுதி கேட்பார்கள். நாம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதற்குப் பக்கத்தில் வரும். யி ஜிங்கிடம் ஆமா இல்லையா என்று கேட்டால் அது கிணற்றைப் பற்றிப் பேசும்.

தண்டா நாணயமா என்று சண்டை போடுவது

பழைய முறையில் யாரோ (yarrow) என்ற செடியின் 50 தண்டுகள். ஒன்றை எடுத்து வைத்துவிட்டு 49ஐப் பிரித்துப் பிரித்து எண்ணுவார்கள். ஒரு கோடு மாறும் கோடாக வர வாய்ப்பு இரண்டிலும் நாலில் ஒன்று. வித்தியாசம் எங்கே என்றால், நாணயத்தில் 6ம் (உடைந்த மாறும் கோடு) 9ம் (முழு மாறும் கோடு) எட்டில் ஒன்று என்று சமமாக வரும். தண்டில் 6 பதினாறில் ஒன்று, 9 பதினாறில் மூன்று. தண்டு எண்ண கால் மணிக்கு மேல் ஆகும்; அதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். அந்த ஒரு காரணத்துக்காக நான் சில சமயம் தண்டு எடுப்பதுண்டு.

நெஞ்சுவலிக்கும் கடனுக்கும் பார்ப்பது

வேண்டாம்.

நல்ல குறி வந்ததும் கண்ணாடியைத் திருப்பி வைப்பது

ஸுவோ ஜுவானிலேயே இன்னொருத்தி இருக்கிறாள். முஜியாங், லூ நாட்டு அரசமாதா. அரண்மனைச் சதியில் பங்கெடுத்ததால் அவளைக் கிழக்கு அரண்மனையில் கொண்டுபோய் வைத்தார்கள். போன புதிதில் குறி பார்த்தாள். 52ஆம் குறி மாறி 17ஆம் குறி, 'பின்தொடர்தல்'. குறிகாரர் தேற்றினார்: "இது வெளியே போவதைக் குறிக்கிறது. சீக்கிரம் வெளியே போய்விடுவீர்கள்."

அவள் "இல்லை" என்றாள். இந்தக் குறியின் வாசகம் நான்கு நற்குணங்களைச் சொல்லி, பிறகுதான் குற்றமில்லை என்கிறது. அந்த நான்கில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கேட்டைத் தேடிக்கொண்டது நான். எனக்கு எப்படி இது பொருந்தும்? இங்கேயேதான் சாவேன் என்றாள்.

கி.மு. 564இல் அந்த அரண்மனையிலேயே இறந்தாள்.