கல்லீரல் புற்றுநோய் ஸ்லைடைப் படிக்கும் முறை

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பான்மையானது ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா. அது கல்லீரல் செல்லிலிருந்தே பிறப்பதால், முதிர்ச்சி குன்றாத வகைகளில் புற்றுச் செல்லும் இயல்பான செல்லும் கிட்டத்தட்ட ஒரே சாயலில் இருக்கும். ஆகவே நோய்க்குறியியல் பயிலும் மாணவர் ஸ்லைடை நுண்ணோக்கியின் மேடையில் வைத்தவுடன் 40 மடங்கு லென்ஸுக்குத் தாவக் கூடாது. செல்லின் முகத்தைப் பார்ப்பதற்கு முன், செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

4 மடங்கு லென்ஸில் முதலில் போர்ட்டல் பகுதிகளைத் தேடுங்கள். இயல்பான கல்லீரலில் தமனி, சிரை, பித்தநாளம் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, சீரான இடைவெளிகளில் தென்படும். புற்றுக்கட்டிக்குள் இந்தக் கூட்டமைப்பு மறைந்து, பித்தநாளத் துணையின்றித் தனித்து நிற்கும் தமனிகள் ஆங்காங்கே காணப்படும். மிகத் தொடக்க நிலைக் கட்டிகள் பழைய போர்ட்டல் பகுதிகளைத் தமக்குள் வளைத்துக்கொள்வதும் உண்டு என்பதால், அவை தெரிகின்றன என்ற ஒரே காரணத்தால் புற்றில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

10 மடங்கு லென்ஸுக்கு மாறியதும் தகடுகளின் தடிமனை எண்ணுங்கள். பெரியவர்களின் கல்லீரலில் செல்கள் ஒற்றை வரிசைத் தகடுகளாக அமைந்திருக்கும். இருபுறமும் சைனுசாய்டு எனும் மெல்லிய இரத்த இடைவெளிகள் ஓடும். திசு மீண்டும் வளரும்போது தகடு இரண்டு செல் தடிமனாகலாம். மூன்றுக்கு மேல் போனால் ஐயம் வலுக்க வேண்டும். சில இடங்களில் செல்கள் வட்டமாகச் சூழ்ந்து, நடுவில் பித்தநீர் தேங்கிய போலிச் சுரப்பிகளாகத் தெரியும். வேறு சில இடங்களில் இடைவெளியே இல்லாத திண்மையான பாளமாக இருக்கும்.

இதன் பிறகே 40 மடங்கு லென்ஸ். சைட்டோபிளாசத்தோடு ஒப்பிடுகையில் உட்கரு பெரிதாகி, அதனுள் நியூக்ளியோலஸ் தெளிவான செம்புள்ளியாகத் துலங்கும். இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு: இரண்டு உட்கருக்கள் கொண்ட செல்லும், உட்கருக்களின் அளவு வேறுபாடும் நலமான கல்லீரலிலேயே காணப்படுபவை. அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் பெரிய உட்கருவைவிட, சிறிய செல்கள் நெருக்கியடித்து நிற்க, ஒரே பரப்பில் சுற்றியுள்ள திசுவைப்போல் இரண்டு மடங்கு உட்கருக்கள் தெரியும் இடத்தையே நான் அதிகம் அஞ்சுவேன்.

பித்தநீரைத் தேடுவதற்கும் நேரம் ஒதுக்குங்கள். இரண்டு புற்றுச் செல்களுக்கு இடையிலுள்ள நுண்கால்வாயில் பசுமை கலந்த பழுப்பு நிறத்தில் சிறு அடைப்பாக அது தெரிந்தால், அந்தக் கட்டி கல்லீரல் செல்லிலிருந்து வந்ததென்பதற்கு அதுவே வலுவான சான்று. ஆனால் வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த புற்றின் ஓரத்தில் சிக்கிக்கொண்ட நலமான செல்களிலும் பித்தநீர் இருக்கக்கூடும் என்பதால், அது எந்தச் செல்லுக்கு உரியது என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

ஐயம் தீராத ஸ்லைடுக்கு நான் முதலில் கேட்பது, செல்களைத் தாங்கும் நுண்ணிழைகளைக் காட்டும் ரெட்டிகுலின் சாயம். இந்த வெள்ளிச் சாயத்தில், நலமான கல்லீரலின் ஒவ்வொரு தகட்டின் இருபுறமும் மெல்லிய கருநிற இழைகள் கோடிழுத்தாற்போல் ஓடும். புற்றில் அந்த இழைகள் அறுந்தும் அருகியும் போய்விடும், அல்லது அகன்ற செல் கூட்டங்களை மட்டும் வெளியே சுற்றி நிற்கும். கொழுப்பு மிகுந்த கல்லீரலில் புற்று இல்லாதபோதும் இழைகள் குறைந்து தோன்றும். பயிற்சிக் காலத்தில் நானே ஒருமுறை இதைப் புற்று என்று எழுதவிருந்து, மூத்தவர் ஒருவர் திருத்தியதால் தப்பினேன். எனவே கொழுப்புத் துளிகள் இல்லாத இடத்தில் இழைகளைக் கவனிப்பதே பாதுகாப்பானது.

குறிப்பிட்ட புரதங்களை அடையாளம் காட்டும் இம்யூனோ சாயங்களில் கிளைபிக்கன்-3, ஹெச்எஸ்பி-70, குளூட்டமின் சிந்தட்டேஸ் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சாயமேற்றால், சிரோசிஸ் (தழும்பேறி முடிச்சு முடிச்சாகும் நிலை) உள்ள கல்லீரலின் சிறு முடிச்சில் புற்று என்ற முடிவுக்கு அது வலுச் சேர்க்கும். உருவம் சிதைந்த கட்டி கல்லீரலுக்கு உரியதா, வெளியிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு ஆர்ஜினேஸ்-1, ஹெப்பார்-1 ஆகியவை உதவும்.

இளம் வயதினரின், சிரோசிஸ் இல்லாத கல்லீரலில் பெரிய செல்களும் மிகப் பெரிய நியூக்ளியோலஸும், அவற்றினூடே இணையாக ஓடும் கொலாஜன் எனும் நார்ப்புரதப் பட்டைகளும் தெரிந்தால், அது ஃபைப்ரோலாமெல்லர் என்னும் தனி வகையாக இருக்கலாம். அதற்குரிய மரபணு இணைவு 2014-இல் கண்டறியப்பட்டது.

சிரோசிஸ் நோயாளிக்கு, செலுத்திய மருந்து தமனிகளில் பாயும் நேரத்தில் கட்டி ஒளிர்ந்து பின்னர் மங்குவதைத் தெளிவாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் படமே பெரும்பாலும் திசுத் துண்டு எடுக்கும் பயாப்ஸியின்றி நோயை உறுதிசெய்துவிடுகிறது. ஆகவே நம் மேசைக்கு வரும் ஊசித் துண்டுகளில் பெரும்பங்கு படத்தால் தீராத சிக்கல்கள்தாம். அறிக்கையில் கையெழுத்திடுவதற்கு முன் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, துண்டு எடுக்கப்பட்டது முடிச்சிலிருந்தா, பக்கத்துத் திசுவிலிருந்தா என்று சரிபாருங்கள்.