கனஉலோகச் சோதனை: மாதிரியைத் தயாரிக்கும்போதே கெட்டுப்போகிற கணக்கு

மண்டபம், பாம்பன் கரையில் காய்கிற கடல்பாசிதான் எங்கள் சோதனைக்கூடத்துக்குச் சோறு போடுகிறது. பாசிப்பொடி அடைத்த காப்சூல், பாசியிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட் கலந்த மாத்திரை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி, திறந்த பீக்கரில் நைட்ரிக் அமிலத்தைக் கொதிக்கவிட்டு நின்றார். பதினைந்து வருடங்களுக்கு முந்தைய என்னையே பார்த்ததுபோல் இருந்தது. கையுறை, தராசு பற்றியெல்லாம் அவருக்கே தெரியும், அவற்றை எழுதப்போவதில்லை. கணக்கைக் கெடுக்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

கரைத்து முடித்தபின் ஸ்பைக் சேர்ப்பது

தெரிந்த அளவு உலோகத்தை நாமே மாதிரியில் சேர்த்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது ஸ்பைக். அமெரிக்க மருந்து நெறிநூலான யு.எஸ்.பி.யின் 233-ஆம் அத்தியாயம் 70 முதல் 150 சதவீதம் வரை ஏற்றுக்கொள்கிறது.

அன்று நான் காப்சூல் பொடியை பீக்கரில் போட்டு, ஹாட் பிளேட்டில் மூன்று மணி நேரம் அமிலத்தோடு காய்ச்சினேன். ஆறவைத்து 50 மில்லியாக்கிய பிறகு ஸ்பைக்கை விட்டேன். பாதரசத்துக்கு 98 சதவீதம்! மாதிரியில் பாதரசம் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வாங்கியவர்கள் மூடிய கலத்தில், மைக்ரோவேவில் கரைத்துப் பார்த்தார்கள். பாதரசம் இருந்தது. சரக்கு திரும்பி வந்த லாரி வாடகை உட்பட எல்லாம் எங்கள் தலையில் விழுந்தது.

பொடியிலிருந்த பாதரசம் ஆவியோடு புகைபோக்கி வழியே போய்விட்டது. நான் சேர்த்த பாதரசமோ சூட்டையே பார்க்கவில்லை; அது எங்கே போகும்? அந்த 98, கருவி வாங்கிய மதிப்பெண். என் கைவேலையை யாரும் சோதிக்கவே இல்லை. எடை போட்ட பொடியின் மேல், அமிலம் விடுவதற்கு முன்பே ஸ்பைக் விழ வேண்டும். பொடி படுகிற பாட்டையெல்லாம் அதுவும் பட வேண்டும்.

இன்றும் பதிவேட்டில் "ஸ்பைக் சேர்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதுகிறார்கள். எப்போது சேர்த்தீர்கள் ஐயா? அதை எழுதாத பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மாதிரியைக் கழுவுவது

கட்டக்கோரையில் (சர்காசம் என்கிற பழுப்புப் பாசி) மணல் ஒட்டியிருக்கிறது என்று ஒருவர் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்து எடை போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டக்கோரை ஆர்சனிக்கைச் சேர்த்துவைக்கிற பாசி. அதில் கணிசமான பங்கு தண்ணீரிலேயே கரைந்து போகும். ஆலையில் கழுவுவார்கள் என்றால் அது அவர்கள் பாடு. நம்மிடம் வந்ததை வந்தபடி சோதிக்க வேண்டும்.

உப்பை மறப்பது

பாதரசம் குழாய்ச் சுவரில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலமோ தங்கக் கரைசலோ சேர்க்கிறோம். அமிலத்தைச் சேர்த்தால் வேறு வம்பு. எங்கள் ஐ.சி.பி.எம்.எஸ். கருவி உலோகத்தை நிறையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அமிலத்தின் குளோரினும் கருவியில் ஓடுகிற ஆர்கான் வாயுவும் கூடினால் நிறை 75. ஆர்சனிக்கின் நிறையும் 75, அதற்கு இயற்கையில் வேறு ஐசோடோப்பும் கிடையாது. கடல்பாசியிலோ ஏற்கெனவே உப்பு, அதிலும் குளோரின். கருவியில் ஹீலியத்தை ஓடவிட்டு இந்தப் போலியை வடிகட்டாமல் வந்த ஆர்சனிக் எண்ணை நான் நம்பமாட்டேன்.

எஃகு மிக்சியில் அரைப்பது

குரோமியமும் நிக்கலும் இலவசம்.

கண்ணாடிக் குடுவை

வேண்டாம்.

ஜன்னல்

வாய்வழி மருந்தில் ஈயத்துக்கு அனுமதி நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 10 கிராம் மருந்து என்று கொண்டால், கிராமுக்கு 0.5 மைக்ரோகிராம். அரை கிராமை 50 மில்லியாக்கியபின் நாம் தேடுவது லிட்டருக்கு வெறும் 5 மைக்ரோகிராம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் மேசையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. வெறும் அமிலம் மட்டும் வைத்த பிளாங்க்கிலும் ஈயம் காட்டியது. ஜன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்த வாரமே அது இறங்கிவிட்டது. இப்போது ஆணியே அடித்துவிட்டோம். புழுக்கமாக இருக்கிறது என்று தம்பி முனகுகிறார்.