இலேசான செமி ஆட்டோ ஷாட்கன் வாங்கும்போது எங்கே தவறுகிறார்கள்

கடையில் 2.7 கிலோ செமி ஆட்டோ ஷாட்கனை, அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரவைத் துப்பாக்கியை, கையில் எடுத்ததுமே மனம் அதற்குப் போய்விடும். தூக்கினால் தூக்கியதே தெரியாது. தெற்கு டகோட்டாவின் புல்வெளியில் ஃபெசன்ட் பறவையையோ, மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளில் க்ரவுஸையோ தேடி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிறவருக்கு நூறு கிராம் குறைந்தாலும் நல்லதுதான். ஆனால் அந்த இலேசுக்கு ஒரு விலை உண்டு. பாதியைத் தோள் கொடுக்கும், பாதியைக் குறி கொடுக்கும். தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளம்புபவை: துப்பாக்கியின் எடையை மட்டும் பார்ப்பது, அதில் போடப்போகும் தோட்டாவைப் பார்க்காமல் விடுவது.

இதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனரின் பெயரால் வழங்குவது. தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகளான ரவையின் எடையைப் போல் 96 மடங்காவது துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது அது. ஒரு அவுன்ஸ் ரவை, அதாவது 28 கிராம், போடுவதானால் 2.7 கிலோ துப்பாக்கி போதும். ⅞ அவுன்ஸுக்கு 2.4 கிலோ. ஃபெசன்டுக்குப் பலர் வாங்கும் 1¼ அவுன்ஸ் தோட்டாவுக்கு 3.4 கிலோ வேண்டும். ஒரே தோட்டாவை 3.4 கிலோ துப்பாக்கியிலிருந்து 2.7 கிலோ துப்பாக்கிக்கு மாற்றினால் உதையின் ஆற்றல் ஏறத்தாழ 25 சதவீதம் கூடுகிறது. கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். இலேசான 12 கேஜ் துப்பாக்கியை வாங்கி, 'ஃபெசன்ட் பெரிய பறவையாயிற்றே' என்று கனமான தோட்டாவைப் போடுகிறவர் இந்தக் கணக்கை மீறுகிறார். பத்துத் தோட்டாவுக்குள் உடம்பு உதையை எதிர்பார்க்கப் பழகிவிடும். விசையை இழுக்கும் நொடியில் கன்னம், தோளில் பதியும் கட்டையை விட்டு எழும், ரவை பறவைக்கு மேலே போகும். முதல் சுடலில் தூக்கி எறியப்பட்ட குழலை மறுபடி பறவைக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டாவது வாய்ப்பும் போய்விடும்.

ஆகவே தோட்டாவை முதலில் முடிவு செய்யுங்கள். காடை, வுட்காக், க்ரவுஸ் என்றால் ⅞ அவுன்ஸ் தாராளம். காடைக்கும் வுட்காக்குக்கும் 8ஆம் எண் ரவை, க்ரவுஸுக்கு 7½. எண் கூடினால் ரவை சிறிது. நாய் காட்டிக்கொடுத்து அருகில் எழும் ஃபெசன்டுக்கு ஒரு அவுன்ஸ் 6ஆம் எண் அல்லது 5ஆம் எண். இவ்வளவுதான் தேவை என்றால் 20 கேஜ் போதும், 12 கேஜ் வேண்டியதில்லை. 20 கேஜில் குழல், இயங்கும் உறுப்புகள் அடங்கிய பெட்டியான ரிசீவர், தோட்டாவுக்குப் பின்னால் மூடும் போல்ட் எல்லாமே சிறியவை, எனவே எடை இயல்பாகவே குறைகிறது. 12 கேஜைச் சுரண்டிச் சுரண்டி இலேசாக்கியதை விட இது நல்ல வழி. சீசன் முடிவில் தூரத்தில் எழும் ஃபெசன்ட் சேவல்களை 1¼ அவுன்ஸால் சுட்டே ஆக வேண்டும் என்பவர் 3.4 கிலோவுக்குக் குறையாத 12 கேஜைச் சுமக்கட்டும். தோட்டா உட்காரும் அறை 3½ அங்குலம் கொண்ட துப்பாக்கி இந்த வேட்டைக்கு வேண்டவே வேண்டாம். அது வாத்துக்கும் வான்கோழிக்கும் ஆனது. நீண்ட ரிசீவரையும் கனத்த போல்ட்டையும் வீணாகச் சுமப்பீர்கள். 28 கேஜ் கையில் அழகாக நிற்கும், ஆனால் அது தனிச் சிறு சட்டகத்தில் செய்ததா, 20 கேஜ் சட்டகத்திலேயே குழலை மட்டும் மாற்றியதா என்று கேளுங்கள். பின்னதானால் எடையில் பெரிய லாபம் இல்லை. தோட்டாவின் விலையும் கூடுதல்.

12 கேஜும் 20 கேஜும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு கண்டிப்பு வேண்டும். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் அறைக்குள் வழுக்கி இறங்கி, அறைக்கு முன்னால் குழலில் சிக்கி நிற்கும். வெளியிலிருந்து தெரியாது. விசையை இழுத்தால் வெடிக்காததால், துப்பாக்கி காலி என்று நினைத்து 12 கேஜ் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்த ஆபத்துக்காகத்தான். ஒரே சட்டைப்பையில், ஒரே பெல்ட்டில் இரண்டையும் வைக்காதீர்கள். போன வாரம் போட்ட வேட்டைச் சட்டையின் பைகளை ஒவ்வொரு முறையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

இயங்கும் முறையில் வரும் குழப்பம்

செமி ஆட்டோவில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கின்றன. பெரெட்டா ஏ400, ரெமிங்டன் 1100 போன்றவை வாயுவால் இயங்குபவை. குழலிலுள்ள சிறு துளைகள் வழியே கொஞ்சம் வாயுவை எடுத்து பிஸ்டனைத் தள்ளுகின்றன. உதை கொஞ்சம் நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் தோளுக்கு மென்மையாகத் தெரியும். பதிலுக்கு பிஸ்டனிலும், தோட்டாக்களை வைக்கும் மேகசின் குழாயிலும் கரி படியும். கழுவாமல் விட்டால் சீசன் நடுவில் மந்தமாகும். 1100இல் குழலின் வளையத்துக்குள் ஒரு ரப்பர் ஓ-வளையம் உண்டு. அது வெடித்துவிட்டால் வாயு கசிந்து, தோட்டா சரியாக வெளியேறாது. சில்லறை விலைப் பொருள்தான், இரண்டு மூன்று வாங்கிப் பையில் போட்டு வைக்க வேண்டும்.

பெனெல்லி, ஃப்ராங்கி துப்பாக்கிகள் இனெர்ஷியா முறையில் வேலை செய்கின்றன. சுட்டதும் துப்பாக்கி பின்னால் போகிறது, போல்ட்டின் கனத்த உடல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இடையில் உள்ள முரட்டு ஸ்பிரிங் நசுங்கி, பிறகு விரிந்து போல்ட்டைப் பின்னுக்கு எறிகிறது. உறுப்புகள் குறைவு, முன்கைப்பிடிக்குள் கரி இல்லை, எடையும் குறைவு. பெனெல்லியின் அல்ட்ரா லைட் 12 கேஜிலேயே சுமார் 2.8 கிலோதான். ஆனால் இந்த முறைக்குத் துப்பாக்கி பின்னால் நகர்ந்தே தீர வேண்டும். மரத்தில் சாய்த்து அழுத்திச் சுட்டாலும், மேலே கனமான பொருள்களை மாட்டினாலும், மிக இலேசான பயிற்சித் தோட்டாவைப் போட்டாலும் அடுத்த தோட்டா ஏறாமல் நின்றுவிடலாம். குறைந்தபட்சத் தோட்டா எது என்று கையேட்டில் எழுதியிருக்கும். வாங்கும் முன் அதைப் படியுங்கள், வாங்கிய பிறகு புலம்ப வேண்டியிருக்காது.

இனெர்ஷியா துப்பாக்கியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, வேட்டைக்காரர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: 'பெனெல்லி கிளிக்'. சத்தம் கேட்கக் கூடாது என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக மூடினால், அல்லது நடக்கும்போது போல்ட் கைப்பிடி எதிலாவது இடித்து சற்றே பின்னால் நகர்ந்தால், போல்ட் தலை முழுதாகத் திரும்பிப் பூட்டாது. சேவல் எழும், விசையை இழுப்பீர்கள், 'கிளிக்' என்று மட்டும் கேட்கும். துப்பாக்கியின் கோளாறு அல்ல, பழக்கத்தின் கோளாறு. போல்ட்டை முழுதாகப் பின்னிழுத்து, விட்டு, தானாக அடித்து மூடவிடுங்கள். புதருக்குள் நுழைந்து வெளிவந்த பிறகு கைப்பிடியை முன்பக்கம் ஒரு தட்டுத் தட்டிக்கொள்ளுங்கள்.

கோடையில் களிமண் தட்டுகளை நூறு, இருநூறு என்று சுட்டுப் பழகுவதற்கும் இதே துப்பாக்கிதான் என்றால் வாயு வகை நல்லது. நாளுக்குப் பத்துத் தோட்டா சுட்டு, மீதி நேரமெல்லாம் சுமந்து நடப்பவருக்கு இனெர்ஷியா வகை 20 கேஜைத்தான் நாங்கள் சொல்வோம். இரண்டு வகைக்கும் பொதுவான பிழை எண்ணெய். டிசம்பரில் தெற்கு டகோட்டாவில் வெப்பநிலை மைனஸ் 15க்கு இறங்கும்போது, தாராளமாக ஊற்றிய எண்ணெய் பசையாகிப் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவினால் போதும்.

குழல் நீளமும் முன்பாரமும்

இலேசு வேண்டும் என்று 24 அங்குலக் குழலையும் சேர்த்து வாங்குவது அடுத்த தவறு. இலேசான துப்பாக்கி சட்டென்று கிளம்பும், அதே வேகத்தில் சட்டென்று நின்றும் போகும். கை பறவையைத் தொடர்ந்து ஓடாமல் விசையை இழுக்கும் நொடியில் உறைந்துவிட, ரவை வாலுக்குப் பின்னால் போகும். அடர்ந்த ஆஸ்பென் மரக்கன்றுகளுக்குள் க்ரவுஸ் மட்டுமே சுடுபவருக்கு 24 சரி. மற்றவர்களுக்கு 26, திறந்த வெளிக்கு 28. செமி ஆட்டோவில் ரிசீவரின் நீளமும் சேர்வதால், 26 அங்குலக் குழல் கொண்டதே இரட்டைக் குழல் துப்பாக்கியின் 28, 30 அங்குலத்துக்குச் சமமான மொத்த நீளத்தில் இருக்கும்.

கடையில் காலித் துப்பாக்கியைத் தூக்கிப் பார்ப்பதும் ஏமாற்றும். மேகசின் குழாய் குழலுக்கு அடியில் முன்பக்கம் இருக்கிறது. 12 கேஜ் தோட்டா ஒன்று 45 முதல் 50 கிராம். இரண்டு ஏறினாலே பாரம் முன்னுக்கு நகரும். கடைக்காரரிடம் கேட்டு, வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். இலேசான துப்பாக்கிக்கு அந்தச் சிறு முன்பாரம் உண்மையில் உதவி.

கட்டை பொருந்துகிறதா

ஷாட்கனில் பின்குறி உங்கள் கண்தான். கட்டை பொருந்தவில்லை என்றால் கண் தவறான இடத்தில் இருக்கும், எந்தத் தோட்டாவும் அதைச் சரிசெய்யாது. துப்பாக்கி காலி என்று அறையையும் மேகசினையும் பார்த்து உறுதி செய்தபின், சுவரில் ஒரு புள்ளியை நோக்கிக் கண்ணை மூடித் தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறந்தால் முன்மணி குழலின் மேல்பட்டை நடுவில் தெரிய வேண்டும். பட்டையே தெரியாமல் ரிசீவரின் பின்பக்கம் தெரிந்தால் கட்டை தாழ்வு. பட்டை முழுதும் சரிவாகத் தெரிந்தால் உயரம். புதிய துப்பாக்கிகள் பலவற்றோடு கட்டைக்கும் ரிசீவருக்கும் இடையே வைக்கும் மெல்லிய தகடுகள் வருகின்றன, பெட்டியிலேயே கிடக்கும். அவற்றைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம்.

விசையிலிருந்து கட்டை முனை வரையிலான நீளம் பொதுவாக 14 முதல் 14½ அங்குலம். சட்டை மட்டும் போட்டு அளந்து வாங்கினால், குளிர்காலக் கோட்டு போட்டதும் கட்டை அக்குளில் சிக்கும். வேட்டை உடுப்போடு போய் வாங்குங்கள். இடக்கைக்காரர்கள் இடப்பக்கம் தோட்டா வெளியேறும் மாடலைத் தேடுங்கள். வலக்கை மாடலில் வெற்றுத் தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறக்கும்.

சோக்கும் ரவையும்

சோக் என்பது குழல் முனையில் மாட்டும், ரவை விரிவதைக் கட்டுப்படுத்தும் குழாய். செமி ஆட்டோவுக்கு ஒரே குழல், எனவே ஒரே சோக். இறுக்கமான சோக்தான் தூரம் போகும் என்று ஃபுல் சோக்கை மாட்டுவது வழக்கமான பிழை. சுமார் 37 மீட்டரில் 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள், சிலிண்டர் ஏறத்தாழ 40 சதவீத ரவையைப் போடும், இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70. ஆனால் க்ரவுஸ் சுடும் தூரம் 15, 20 மீட்டர். அந்தத் தூரத்தில் ஃபுல் சோக் விரிப்பு ஒரு கைக்குட்டை அளவுதான். பறவை விழாமல் போகும், விழுந்தால் தின்ன முடியாமல் சிதையும். காட்டுக்கு சிலிண்டர், நாயோடு ஃபெசன்டுக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர், சீசன் கடைசிக்கு மாடிஃபைடு. ஃபுல்லை வீட்டில் வையுங்கள்.

பொதுநிலங்கள் பலவற்றில், தெற்கு டகோட்டாவிலும் கூட, ஈயம் இல்லாத ரவை கட்டாயம். எஃகின் அடர்த்தி 7.8, ஈயம் 11.3. ஒரே அளவில் எஃகு ரவை மூன்றில் ஒரு பங்கு இலேசு என்பதால் இரண்டு எண் பெரிதாக எடுக்க வேண்டும்: ஈயம் 6 என்றால் எஃகு 4. எஃகு நசுங்காது, விரிப்பும் இறுக்கமாகவே வரும். சோக்கில் எஃகுக்கு ஏற்றது என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கம்பெனிக்குள்ளேயே சோக் மரைகள் மாறும்: பெரெட்டாவின் மொபில்சோக் வகை, அதே கம்பெனியின் ஆப்டிமா எச்பி குழலுக்குப் பொருந்தாது. சோக் இல்லாமல் ஒரு தோட்டா கூடச் சுடக் கூடாது, மரை கெட்டுவிடும்.

சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

வுட்காக், மோர்னிங் டவ் என்னும் புறா போன்ற வலசைப் பறவைகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. அறையில் ஒன்று, மேகசினில் இரண்டு. மேகசினில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் அடைப்புக் கட்டையைக் கழற்றிவிட்டு மறந்துபோகிறவர்கள் வனக்காவலரிடம் மாட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அது விலக்குகளில் ஒன்று. உரிமம் முடிந்த மறுநாள், அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடலாம். புதுப்பிக்கும் நாளைக் குறித்து வையுங்கள், சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டபின் வாங்குங்கள். இந்தியாவில் இந்த வேட்டைக்கே இடமில்லை, 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

வாங்கிய பிறகு

பெட்டியிலிருந்து எடுத்து நேரே வயலுக்குப் போகாதீர்கள். முதலில் 14.6 மீட்டரில் ஒரு பெரிய தாளை நிறுத்தி, நடுவில் புள்ளி வைத்து, குறிபார்க்காமல் வேகமாகத் தோளுக்கேற்றி ஐந்தாறு முறை சுடுங்கள். இந்தத் தூரத்தில் 2.5 சென்டிமீட்டர் விலகலுக்குக் கட்டையில் 1.6 மில்லிமீட்டர் திருத்தம் என்பது கணக்கு. 5 சென்டிமீட்டர் இடப்பக்கம் போனால் 3 மில்லிமீட்டர். தகட்டை மாற்றி மறுபடி சுடுங்கள். பிறகு வேட்டையில் போடப்போகும் அதே தோட்டாவில் இரண்டு பெட்டி சுட்டு, ஒவ்வொன்றும் தடங்கலின்றி ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் குழலை மடக்கித் திறந்தால் காலி என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். செமி ஆட்டோவில் தெரியாது. சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே அறைக்குள் ஏறிவிடும். விழுந்த பறவையை நோக்கி ஓடுகிறவர் அதை மறந்துவிடுகிறார். பறவை விழுந்ததும் சேஃப்டியைப் போட்டுவிட்டு நடங்கள். வேலி தாண்டும்போது அறையையும் மேகசினையும் காலி செய்து, போல்ட்டைத் திறந்தே பூட்டி, மறுபக்கம் இருப்பவருக்குக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.