விசுவாசத்துக்குத் திரும்புகிறவர் பாலியல் நாட்டத்தையும் போதையையும் தனித்தனியே கையாள்வது எப்படி

சபையில் வளர்ந்து, தன் பாலினத்தவர்மீதே தனக்கு ஈர்ப்பு உண்டு என்பதை உணர்ந்தபின் அங்கிருந்து விலகி, விலகியிருந்த ஆண்டுகளில் மதுவுக்கோ வேறு போதைப்பொருளுக்கோ அடிமையாகி, இப்போது மீண்டும் ஜெபிக்க வேண்டும் என்ற ஏக்கத்தோடு இருப்பவருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. இப்படித் திரும்பி வருகிறவர்களில் பலர் மூன்று விஷயங்களையும் ஒரே சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள்: இந்த ஈர்ப்பினால்தான் குடித்தேன், குடியை விட்டால் ஈர்ப்பும் போய்விடும், ஈர்ப்பு போனால்தான் ஆண்டவர் என்னை ஏற்றுக்கொள்வார். இந்தச் சங்கிலியைக் கழற்றாமல் எடுக்கும் முயற்சி பெரும்பாலும் நீடிப்பதில்லை. ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாமே தோற்றுவிட்டதாகத் தோன்றிவிடும்.

ஆகவே முதல் வேலை பிரிப்பதுதான். போதை அடிமைத்தனத்தை மருத்துவம் நோயாக வகைப்படுத்தியிருக்கிறது: அளவு ஏறிக்கொண்டே போகிறது, நிறுத்தினால் உடல் எதிர்க்கிறது, கேடு விளைவது தெரிந்தும் கைவிட முடிவதில்லை. தன்பால் ஈர்ப்பு அப்படிப்பட்டதன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இல் அதைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று ஏற்றுக்கொண்ட திருத்திய பட்டியலிலும் அது நோயாக இடம்பெறவில்லை. அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் பலரும் நினைக்கிற இடத்தில் இல்லை. நாள்தோறும் மறைத்து வாழ்வதும், வீட்டாரோ சபையாரோ ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சமும், அவர்கள் சொன்ன சுடுசொற்களைத் தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதும் சேர்ந்து ஒருவரை மரத்துப்போகச் செய்யும் எதையாவது தேட வைக்கின்றன. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-இல் இதைச் சிறுபான்மையினரின் மன அழுத்தம் என்று விளக்கினார். குடியை நிறுத்திய சில மாதங்களில் ஈர்ப்பு முன்னைவிடத் தெளிவாகத் தெரிவதும் உண்டு, ஏனெனில் அதை மழுங்கடித்துக்கொண்டிருந்த பொருள் இப்போது இல்லை. சிகிச்சை தோற்றுவிட்டது என்பதற்கோ ஜெபம் கேட்கப்படவில்லை என்பதற்கோ அது அடையாளமன்று.

உடலுக்கு முதலிடம்

மனந்திரும்பிய உற்சாகத்தில் சிலர் ஒரே நாளில் குடியை நிறுத்தி, அன்றே உபவாச ஜெபத்தில் அமர்ந்துவிடுகிறார்கள். நீண்ட காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவருக்கு இது உயிராபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை கடும் நடுக்கமும் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் தோன்றும் நிலை ஏற்படலாம். இந்நிலையில் இல்லாததைக் கண்டு அலறுகிறவரைச் சுற்றி நின்று பேய் ஓட்டுவதாக ஜெபித்துக்கொண்டிருந்தால் காலம் வீணாகும். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நெடுநாள் குடித்தவர்களின் உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஏற்கெனவே குறைந்திருக்கும். பட்டினி அதை மேலும் குறைத்து மூளையைப் பாதிக்கும். எனவே உபவாசத்தை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தள்ளிவையுங்கள். வேறு வகையில் ஜெபிக்க வழியா இல்லை?

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளுக்கு அடிமையாயிருந்தவர் வேறோர் ஆபத்தை அறிந்திருக்க வேண்டும். சில வாரங்கள் நிறுத்தியிருந்தாலே உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். பழைய அளவை ஒரே ஒருமுறை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடக்கூடும். மெதடோன், பியுப்ரினார்ஃபின் ஆகியவை இவர்களுக்கும், நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகியவை குடிநோயாளிகளுக்கும் மருத்துவர்கள் வழங்கும் மருந்துகள். இவற்றை உட்கொள்வதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவரிடம் இந்த விஷயத்தில் ஆலோசனை கேட்பதை அத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

மருத்துவரிடம் பாதி உண்மையைச் சொல்லாதீர்கள். உடலுறவின்போது மெத் போன்ற ஊக்கப்பொருள்களைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள், எச்ஐவி உள்ளிட்ட தொற்றுகளுக்குப் பரிசோதனை கேளுங்கள். எச்ஐவி தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அதற்கு இடமளித்த உறவு நிகழ்ந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் தடுப்பு மருந்து பயன்தரும். வெட்கம் தணியட்டும் என்று காத்திருக்க அதில் நேரமில்லை.

எதை அறிக்கையிட வேண்டும்?

உடல் ஓரளவு நிலைப்பட்டபின் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணைநிற்பவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. அதன் பன்னிரண்டு படிகள் 1939-இல் அச்சில் வந்தன. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் பழக்கங்களிலிருந்து பிறந்தவை என்பதால், விசுவாசத்துக்குத் திரும்புகிறவருக்கு அப்படிகள் அந்நியமாகத் தோன்றுவதில்லை. நான்காம் படி தன்னைத்தானே அஞ்சாமல் சோதித்து எழுதச் சொல்கிறது. ஐந்தாம் படி அதைக் கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது.

எழுதும்போது பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கத்தில் பிறருக்கு இழைத்த தீங்குகளை மட்டும் எழுதுங்கள்: தங்கை படிப்புக்குச் சேர்த்து வைத்த பணத்தை எடுத்தது, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, நம்பிக்கையோடு பழகியவரிடம் எச்ஐவி நிலையை மறைத்தது. வலப்பக்கத்தில் உங்களை வெட்கப்பட வைக்கும் மற்றவற்றை எழுதுங்கள்: பதினாறு வயதில் வகுப்புத் தோழன்மேல் ஆசை கொண்டது, நடையையும் குரலையும் கேலி செய்தார்கள் என்பது, ஒரு கனவு. எழுதி முடித்தவர்கள் பலர் வலப்பக்கம் நிரம்பி வழிவதையும், இடப்பக்கத்தில் எழுத வேண்டிய கனமான சில வரிகளை வலப்பக்கத்து வெட்கம் இத்தனை நாளாக மறைத்து வைத்திருந்ததையும் காண்பார்கள். அறிக்கைக்கும் பரிகாரத்துக்கும் உரியது இடப்பக்கமே. ஈர்ப்பு என்பது தன்னளவில் பாவமன்று என்பதைத் தன்பாலினச் செயல்களை ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபையே 1986-ஆம் ஆண்டு ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. இதற்கு மேலும் கடுமையாக உங்களை நீங்களே தீர்ப்பிட வேண்டிய அவசியம் என்ன?

ஒன்பதாம் படி, நேரில் சென்று ஈடுசெய்யச் சொல்லும்போதே, அப்படிச் செய்வதால் அவர்களுக்கோ பிறருக்கோ கேடு வருமானால் செய்ய வேண்டாம் என்றும் சொல்கிறது. நம் விஷயத்தில் இந்த விலக்கு மிக முக்கியமானது. மன்னிப்புக் கேட்கும் வேகத்தில் பழைய துணைவரின் பாலியல் நாட்டத்தை அவர் வீட்டாருக்குத் தெரியும்படி செய்துவிட்டால், அது புதிய தீங்கு. கடிதம் வேண்டாம், வீட்டுக்குப் போகவும் வேண்டாம். அவருக்குப் பாதுகாப்பான வழி இல்லையெனில் பேசாமலிருப்பதே அவருக்குச் செய்யும் நியாயம்.

பாலியல் நடத்தையே அடிமைத்தனமாகிவிட்டதோ என்ற ஐயமும் பலருக்கு எழும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு கட்டுக்கடங்காத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது: கட்டுப்படுத்த முயன்று தோற்பது, கேடு விளைந்தும் தொடர்வது, இன்பம் கிடைக்காதபோதும் தொடர்வது போன்றவை ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, கடும் துயரத்தையோ வாழ்வின் முக்கியப் பகுதிகளில் பெரும் பாதிப்பையோ விளைவித்தால் அதைக் கோளாறு என்கிறது. அதே பதிப்பு, துயரம் முழுவதும் ஒழுக்கத் தீர்ப்பிலிருந்தே பிறக்கிறது என்றால் அது மட்டும் இந்நோய்க்கு ஆதாரமாகாது என்றும் எச்சரிக்கிறது. ஆணை நேசிக்கும் ஆணுக்கும் பெண்ணை நேசிக்கும் ஆணுக்கும் இந்த அளவுகோல் ஒன்றே. மாதம் ஒருமுறை நிகழ்ந்ததை நினைத்து அழுகிறவரையும், இரவெல்லாம் கைப்பேசியில் ஆள் தேடி வேலையை இழந்தவரையும் ஒரே பெயரால் அழைப்பது இருவருக்குமே உதவாது.

யாரிடம் சொல்வது?

யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. மேடையேறிச் சொல்லும்படி சொல்லவில்லை. கத்தோலிக்கக் குரு ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எக்காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது. மீறினால் திருச்சபைச் சட்டப்படி அவர் சபைநீக்கம் அடைகிறார். பிற சபைகளில் வழக்கம் வேறுபடும். எனவே போதகரிடம் பேசத் தொடங்கும் முன்பே, நான் சொல்வதை யாரிடமாவது பகிர்வீர்களா, சபைக் குழுவிடமோ என் வீட்டாரிடமோ சொல்லும் கடமை உங்களுக்கு உண்டா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். முதலில் குடியைப் பற்றி மட்டும் பேசிப் பாருங்கள். அதைக் கேட்டு அவர் நடந்துகொள்ளும் விதமே அடுத்ததைச் சொல்லலாமா என்பதைக் காட்டிவிடும். சாட்சி சொல்ல அழைத்தால் இப்போது வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. புதிதாக மீண்டவரை மேடையில் நிறுத்தும் அவசரம் எனக்கு ஒருபோதும் நல்லதாகப் பட்டதில்லை.

ஈர்ப்பை மாற்றித் தருவதாக வாக்களிப்பவரிடமிருந்து விலகுங்கள். 1976-இல் தொடங்கி இவ்வகை ஊழியங்களின் பெரிய கூட்டமைப்பாக விளங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 2013-இல் தன் தலைவரின் பகிரங்க மன்னிப்போடு மூடப்பட்டது. எதிர்பாலினத்தவர் ஒருவரைத் திருமணம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆலோசனை அதைவிட மோசமானது. அதில் இன்னொருவரின் வாழ்வும் சேர்ந்து அழிகிறது. மன அழுத்தம் தற்கொலை எண்ணம்வரை போனால், இறையியல் தீரும்வரை பொறுக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லி மனநல மருத்துவரிடம் செல்லுங்கள்.

வேதத்தையும் சபையையும் அணுகுவது

தன்பாலுறவைப் பற்றி வழக்கமாகச் சுட்டப்படும் பகுதிகள் ஆதியாகமம் 19, லேவியராகமம் 18, 20, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6, 1 தீமோத்தேயு 1 ஆகியவை. இவற்றை மீட்சியின் தொடக்க மாதங்களில் ஆராயத் தொடங்காதீர்கள். தூக்கம் கெட்ட மனம் எதைப் படித்தாலும் ஆக்கினைத் தீர்ப்பாகவே படிக்கும். அதுவரை சங்கீதம் 130, ரோமர் 7, அண்ணகருக்குத் தேவன் தம் ஆலயத்தில் இடம் வாக்களிக்கும் ஏசாயா 56 ஆகியவற்றைப் படிக்கலாம். லூக்கா 15-இல் இளைய மகன் தகப்பனிடம் சொல்ல மூன்று வரிகளைத் தயாரித்துக்கொண்டு புறப்படுகிறான். கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்ற கடைசி வரியை அவன் சொல்லவே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரை அழைத்து உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். எல்லாவற்றையும் சீர்செய்துவிட்டுத்தான் ஜெபிக்கத் தொடங்குவேன் என்று காத்திருப்பவர் அந்த இடத்தை மெதுவாகப் படிக்க வேண்டும்.

பிறகு, நிதானம் வந்தபின், இரு தரப்பு விளக்கங்களையும் படியுங்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் பல சுவிசேஷ சபைகளும் தன்பாலுறவை ஏற்காமல் கற்புநெறியைக் கேட்கின்றன. 1968-இல் ட்ராய் பெரி தொடங்கிய மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சபை தொடக்கமுதலே ஏற்றுக்கொள்கிறது. ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை 2024-இல் தன் தடைகளை நீக்கியது. நேர்மையாக ஆராய்கிற ஒருவர் உண்மையுள்ள துணைவருடன் வாழும் முடிவுக்கும் வரலாம், துறவு போன்ற தனிவாழ்வின் முடிவுக்கும் வரலாம். தனிவாழ்வைத் தேர்ந்தவருக்கு நெருங்கிய நட்பும் பகிர்ந்துண்ணும் மேசையும் கட்டாயம் வேண்டும். வெறும் தனிமையாக அது மாறினால் குப்பி திரும்ப வந்துவிடும். ஞாயிறன்று ஒரு முகமும் சனி இரவு இன்னொரு முகமுமாக வாழ்வது மட்டும் எந்தத் தரப்பின்படியும் தீர்வாகாது, போதையும் அந்த இரட்டை வாழ்க்கையில்தான் செழித்து வளரும்.

திருவிருந்து குறித்து ஒரு நடைமுறைச் செய்தி. குடியைத் தவிர்க்க வழங்கப்படும் டைசல்ஃபிரம் மருந்தை உட்கொள்பவருக்கு ஒரு மிடறு திராட்சை மதுவும் கடும் குமட்டலையும் படபடப்பையும் உண்டாக்கலாம். கத்தோலிக்க நற்கருணையில் அப்பத்தை மட்டும் பெற்றாலே அது முழுமையானது. பல புராட்டஸ்டன்ட் சபைகளில் புளிக்காத திராட்சைச்சாறு வழங்கப்படுகிறது. தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் 1869-இல் திருவிருந்துக்காகவே அதைத் தயாரித்தார். மது கலந்தே வழங்கும் சபையாயின், ஆராதனைக்கு முன்பே ஆயரிடம் தனியாகச் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மந்திர வேலிபோல் ஏதோ என்னைக் காக்கும், அந்த மது தீங்கு செய்யாது என்று நம்பிக் கிண்ணத்தில் வாய் வைப்பது விசுவாசமாகாது.

மீண்டும் விழுந்தால்

ஒருமுறை குடித்துவிட்டவர், இனி எல்லாம் போயிற்று என்று தொடர்ந்து குடிப்பதைத்தான் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். அந்த ஒரு குவளையோடு நிறுத்தி, அன்றைக்கே மீட்சியில் உங்களுக்கு வழிகாட்டும் தோழரை அழையுங்கள். என்ன குடித்தேன், எவ்வளவு, எப்போது என்பதை மட்டும் சொன்னால் போதும், விளக்கம் பிறகு ஆகட்டும். ஓபியாய்டாக இருந்தால் தனியாக இருக்காதீர்கள். ஓபியாய்டு அளவு மிஞ்சி மூச்சு தடைபடும்போது அதை மீட்கும் மருந்தான நலோக்சோன் கையருகில் இருக்கட்டும். மறுநாள் அந்த நோட்டுப் புத்தகத்தில் விழுந்ததற்கு முந்தைய மணிநேரங்களை எழுதுங்கள். ஒருவரைச் சந்தித்த இடத்திலேயே பொருளும் கிடைத்தது என்றால் மாற்ற வேண்டியது அந்த இடத்தையும் கைப்பேசியிலுள்ள அந்த எண்ணையும். உங்கள் நாட்டத்தை அதற்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். வரும் ஞாயிறு வழக்கம்போல் ஆலயத்துக்குப் போங்கள். மனச்சாட்சி தடுத்தால் பந்தியில் பங்குபெறாமல் இருக்கையிலேயே இருங்கள். ஆராதனை முடிந்ததும் நீங்கள் நம்பும் அந்த ஒருவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.